40 கஜ ஓட்டத்தில் தெரியாதது

அமெரிக்கன் ஃபுட்பால் வரலாறு பத்தி ஒரு த்ரெட். அந்த விளையாட்டே தெரியாதவங்களும் தாராளமா படிக்கலாம். பாதிக்கு மேல மருத்துவப் பரிசோதனை பத்தின கதைதான் இது.

முதல்ல அடிப்படை. என்எஃப்எல்-ல காலேஜ் முடிச்சு வர்ற பசங்களை ஏலம் விடுறதில்லை. போன சீசன்ல கடைசியா வந்த டீமுக்கு முதல் வாய்ப்பு. பேர் டிராஃப்ட். 1936-ல ஆரம்பிச்சப்போ கரும்பலகையில எழுதின 90 பேர்லேருந்து ஆள் எடுத்தாங்க. முதல் ஆளா தேர்வான ஜே பெர்வாங்கர் ஒரு மேட்ச் கூட ஆடாம வேற வேலைக்குப் போயிட்டார்!

பணம் பெருகப் பெருக பயமும் பெருகுச்சு. 1982-ல ஃபுளோரிடாவின் டாம்பா நகரத்துக்கு 163 பசங்களை ஒரே நேரத்துல வரவழைச்சாங்க. முக்கிய நோக்கம் என்ன தெரியுமா? மெடிக்கல் செக்கப். ஒவ்வொரு டீமும் தனித்தனியா முட்டியையும் தோளையும் பார்க்காம, ஒரே இடத்துல பார்த்துடலாம்னு. இதுதான் இன்னைக்கு டிவியில காட்டுற 'கம்பைன்'. 40 கஜ ஓட்டம், தாண்டுறது, 12 நிமிஷத்துல 50 கேள்விக்குப் பதில் எழுதுற வொண்டர்லிக் தேர்வுனு எல்லாமே இங்க நடந்தது.

சவ்வு கிழிஞ்சிருக்கானு கண்டுபிடிக்க இந்த முறை நல்ல முறை. சிக்கல் குவார்ட்டர்பேக் விஷயத்துலதான். பந்து கைக்கு வந்ததும், எதிராளி மேல வந்து விழறதுக்குள்ள, ரெண்டு மூணு செகண்டுல யாருக்கு எறியணும்னு முடிவெடுக்கிற ஆள் அவர். அதை எந்த டேப் வெச்சு அளப்பீங்க?

அளக்க முடிஞ்சதை அளந்துட்டு, வேண்டியதை அளந்துட்டோம்னு நம்புற பழக்கம் எங்க துறையிலயும் உண்டு. மாரடைப்புக்குப் பிறகு வர்ற தாறுமாறான துடிப்பை அடக்க சில மாத்திரைகள் கொடுத்தோம். ஈசிஜி அழகாச்சு. 1989-ல 'காஸ்ட்' ஆய்வு வந்தப்போதான் தெரிஞ்சது, அதுல ரெண்டு மாத்திரை சாப்பிட்டவங்கதான் அதிகமா இறந்திருக்காங்கனு.

2000-ல டாம் பிரேடி 40 கஜத்தை 5.28 செகண்டுல ஓடினார். மெதுவான ஓட்டம். 6 குவார்ட்டர்பேக்குகள் போன பிறகு 199-வது ஆளா எடுத்தாங்க. பின்னாடி 7 சூப்பர் பவுல் ஜெயிச்சார். ஆனா இந்தக் கதையை மட்டும் சொல்லிட்டுப் போறது நேர்மை இல்லைங்க. ஆறாவது சுற்றுல வர்ற குவார்ட்டர்பேக்குகள்ல பெரும்பாலானவங்க பேர் நமக்குத் தெரியவே தெரியாது. என்னைப் பொறுத்தவரை 1998 டிராஃப்ட்தான் உண்மையான பாடம்.

அந்த வருஷம் ரெண்டு பேர். டென்னசி பல்கலைக்கழகத்தின் பேட்டன் மேனிங், வாஷிங்டன் ஸ்டேட்டின் ரயன் லீஃப். யார் முதல்லனு நிபுணர்களே ரெண்டு கட்சியா நின்னாங்க. இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் மேனிங்கை எடுத்தது. சான் டியாகோ சார்ஜர்ஸ் 3-வது இடத்துலேருந்து 2-வது இடத்துக்கு ஏறுறதுக்கே அடுத்த வருஷ முதல் சுற்று வாய்ப்பு, ரெண்டு வீரர்கள் எல்லாம் கொடுத்து லீஃபை வாங்குச்சு.

முதல் சீசன் முடிஞ்சப்போ மேனிங் 28 இன்டர்செப்ஷன். அதாவது 28 தடவை பந்தை எதிராளி கையில கொடுத்திருக்கார். 16 மேட்ச்ல 3 வெற்றி. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தா 'அப்நார்மல்'னு எழுதியிருப்போம். கோல்ட்ஸ் அவரை 16 மேட்ச்லயும் ஆட வெச்சது. 5 முறை எம்விபி ஆனார்.

லீஃப் கன்சாஸ் சிட்டிக்கு எதிரா 15 தடவை எறிஞ்சு ஒண்ணே ஒண்ணுதான் சேர்ந்தது. அடுத்த வருஷம் தோள்பட்டை ஆபரேஷன், முழு சீசனும் போச்சு. அப்புறம் மணிக்கட்டு. மொத்தம் 4 வெற்றி, 17 தோல்வி. 2001-க்குப் பிறகு அவர் ஆடவே இல்லை. பத்திரிகைகள் இன்னைக்கும் அவரை 'வரலாற்றுலயே மோசமான தேர்வு'னு பட்டியல் போடுது. கோபக்காரர், உழைக்காதவர்னு சொல்வாங்க. அதுல உண்மை இருக்கு. ஆனா 22 வயசுப் பையனோட தோளும் மணிக்கட்டும் அந்தப் பட்டியல்ல வராது.

அந்தப் பட்டியல்ல வராத இன்னொண்ணு, வலி மாத்திரை. அடிமையானார். 2012-ல மாத்திரைக்காக வீடு புகுந்து திருடின வழக்குல மொன்டானாவுல சிறைக்குப் போனார், 2014 டிசம்பர்ல வெளியே வந்தார். இப்போ போதை மீட்பு பத்தி மேடை மேடையா வெளிப்படையா பேசுறார்.

வொண்டர்லிக் தேர்வை 2022-ல கம்பைன்லேருந்து எடுத்துட்டாங்க. 40 கஜ ஓட்டம் இன்னும் இருக்கு. லீஃப் பேச்சு யூடியூப்ல கிடைக்கும். ஓபியாய்டு எழுதுற டாக்டர்கள் நேரம் ஒதுக்கிப் பாருங்க.