எந்திரப்பி: எண்ணிக்கைக்கு வந்த பெயர்

பெரியகல்லாற்றில் மட்டக்களப்பு வாவி கடலைத் தொடுகிறது. கோடையில் அந்த வாயை மணல் மூடிக்கிடக்கும். மாரியில் வெள்ளம் ஏறினால் ஆற்றுவாயை வெட்டிவிடுவார்கள். மண்ணிறத் தண்ணீர் கடலுக்குள் பாய்ந்து, சிறிது தூரத்தில் எல்லை தெரியாமற் போய்விடும். கலந்த உப்பு தானாகப் பிரிந்து ஒருபக்கம் ஒதுங்கியதை யாரும் கண்டதில்லை. இந்த ஒருவழிப் போக்கை அளக்க இரசாயனத்தில் உள்ள சொல் எந்திரப்பி.

இலங்கையில் உயர்தரம் படித்தவருக்கு இது பழகிய சொல். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'என்ட்ரோபி' என்று எழுத, இங்கே ஒட்சிசன், ஐதரசனைப் போலவே தமிழ் ஒலிமரபுக்குள் கொண்டுவந்தார்கள். அதன் தோழியான என்தல்பிக்கோ 'வெப்பவுள்ளுறை' என்று தமிழ்ப்பெயரே கிடைத்தது. எதை மொழிபெயர்ப்பது, எதை ஒலிபெயர்ப்பது என்ற கேள்வி இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1938 இல் வெளிவந்த 'கலைச்சொற்கள்' தொகுதிக்கு உழைத்த விபுலாநந்த அடிகள், பெரியகல்லாற்றுக்குத் தெற்கே காரைதீவிற் பிறந்தவர்.

சொல்லைக் கேட்டதும் எந்திரம் நினைவுக்கு வரும். சொற்பிறப்பில் இரண்டுக்கும் உறவில்லை. 1865 இல் ஜேர்மானியரான ருடொல்ஃப் கிளௌசியஸ், மாற்றத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து, 'எனர்ஜி'யோடு ஒலி ஒத்துவர வேண்டுமென்றே இதை ஆக்கினார். ஆனால் பொருளில் உறவுண்டு: வெப்ப எந்திரங்களைப் பற்றிய ஆராய்ச்சிதான் அவரை இந்தக் கணியத்திடம் கொண்டுசேர்த்தது.

வகுப்பறையில் இதற்கு 'ஒழுங்கின்மையின் அளவு' என்று விளக்கம் சொல்வார்கள். அதுதான் எனக்கு வருத்தம். 1877 இல் லுட்விக் போல்ட்ஸ்மான் காட்டியது ஒழுங்கின்மையை அல்ல, எண்ணிக்கையை. பத்து இடங்கள், ஐந்து உப்புத் துணிக்கைகள் என்று வைப்போம். ஐந்தும் கடற்பக்க ஐந்து இடங்களிலேயே நிற்க ஒரே வழிதான். எங்கும் நிற்கலாமென்றால் 252 வழிகள். இருபது இடம், பத்துத் துணிக்கை என்றால் 1,84,756. ஒரு தேக்கரண்டித் தண்ணீரில் 10²³ இற்கும் மேற்பட்ட மூலக்கூறுகள் உள்ளன. பிரிந்து நிற்கும் வாய்ப்பு எவ்வளவு அற்பமென்று பாருங்கள். இந்த வழிகளின் எண்ணிக்கைக்கு மடக்கை எடுத்து ஒரு மாறிலியாற் பெருக்கினால் எந்திரப்பி. வியன்னாவில் போல்ட்ஸ்மானின் கல்லறையில் அந்தச் சமன்பாடு பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை அந்த வடிவில் எழுதியவர் மக்ஸ் பிளாங்க்.

'ஒழுங்கின்மை' உயிரியலில் இன்னும் வழுக்கும். கலமென்சவ்வின் இலிப்பிட்டுக்கள் தண்ணீரில் தாமாகவே இரட்டைப் படையாக அணிவகுக்கின்றன. பார்வைக்கு ஒழுங்கு கூடுகிறது. ஆனால் எண்ணெய்த்தன்மையான வால்களைச் சூழ்ந்து கட்டுப்பட்டு நின்ற நீர் மூலக்கூறுகள் அதனால் விடுபடுகின்றன. மொத்த வழிகள் பெருகுகின்றன. 'ஒழுங்கீனம்' என்றே இதற்குத் தமிழ்ப்பெயர் இட்டிருந்தால் இந்தப் பிழை சொல்லோடு ஒட்டியிருக்கும். ஒலிபெயர்த்தது நல்லதாயிற்று.

ஆற்றுவாயில் ஒரு கனமீற்றர் நன்னீர் கடலோடு கலக்கும்போது கைவிட்டுப்போகும் பயன்படு சக்தி, அதே நீர் 200 மீற்றருக்கு மேலிருந்து விழுந்தால் கிடைப்பதற்கு நிகர். கலந்ததைத் திரும்பப் பிரிக்க, குறைந்தது அவ்வளவையாவது செலவிட வேண்டும். உவர்நீரில் நிற்கும் கண்டல் மரங்கள் அந்தச் செலவைச் செய்கின்றன. கடல்நீரின் பிரசாரண அமுக்கம் ஏறத்தாழ 25 வளிமண்டலம். இலைகளில் நீர் ஆவியாவதால் எழும் இழுவை அதையும் மிஞ்சி, உப்பின் பெரும்பகுதியை வேருக்கு வெளியே நிறுத்தி, தண்ணீரை மேலேற்றுகிறது. அதற்கான சக்தி வெயிலிலிருந்து வருகிறது.