கொல்லைப்புறத்து நுண்ணலைகள்

நுண்ணலை என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது சமையலறை அடுப்புதான். அவ்வடுப்பு இயங்குவது 2.45 கிகாஹெர்ட்ஸில். அதற்குக் கூப்பிடு தூரத்தில், 2.4 கிகாஹெர்ட்ஸில், அமெச்சூர் வானொலியர்கள் செயற்கைக்கோள்களோடு பேசும் பட்டை இருக்கிறது. ஹாம் என்று பரவலாக அழைக்கப்படும் இவர்கள் ஊதியம் கருதாது, உரிமம் பெற்று, சொந்தப் பணத்தில் வானொலி நிலையம் கட்டிக்கொள்பவர்கள். அடுப்புக்கும் இவர்களுக்கும் வாய்த்த இந்த அண்டைவீட்டு உறவைத் தற்செயல் என்று நாம் கருதவில்லை. மற்றவர்கள் பங்குபோட்டுக்கொண்டது போக எஞ்சிய நிலத்தில் குடியேறுவதே தொடக்கம் முதல் இவர்களுக்கு விதிக்கப்பட்டது.

1912-இல் இயற்றப்பட்ட அமெரிக்க வானொலிச் சட்டம் அமெச்சூர்களை 200 மீட்டருக்குக் குறைவான அலைநீளங்களுக்கு ஒதுக்கித் தள்ளியது. அவை தொலைவுக்கு உதவா என்பது அன்றைய அறிஞர் முடிவு. 1923 நவம்பரில் அமெரிக்க, பிரெஞ்சு அமெச்சூர்கள் அதே சிற்றலைகளில் அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி இருவழித் தொடர்பு கொண்டனர். பயனற்றது எனப்பட்ட நிலம் விலைபோகத் தொடங்கியது. பெரிய நிறுவனங்களும் அங்கே வந்து சேர்ந்தன.

நுண்ணலைக் கதையின் முதல் ஆள் குரோட் ரீபர். 1937-இல் இல்லினாய் மாநிலத்து வீட்டன் என்ற ஊரில், வீட்டுக் கொல்லையில், 9 மீட்டருக்கும் மேலான விட்டத்தில் கிண்ண வடிவ ஆண்டெனா ஒன்றை அவர் எழுப்பினார். மரச்சட்டம், மேலே நாகத்தகடு. செலவு முழுவதும் அவருடையது. ஹாம் உரிமம் பெற்றிருந்த அவர் கேட்க விரும்பியது மனிதர் பேச்சையன்று, பால்வீதியின் இரைச்சலை. முதலில் 3300 மெகாஹெர்ட்ஸில் முயன்றார், ஒன்றும் கேட்கவில்லை. 900-க்கு இறங்கினார், அங்கும் மௌனம். 160-க்கு வந்தபின்னரே வானம் பேசியது. வானொலி வானியல் நூல்கள் அந்த வெற்றியைத்தான் விரித்துரைக்கும். நமக்கோ அந்த முதல் தோல்வியே சுவையாக இருக்கிறது. போர்க்கால ராடார் பிறப்பதற்கு முன்னரே, ஒரு தனிமனிதர் 9 சென்டிமீட்டர் அலைக்கு வாங்கி செய்து கொல்லையில் காத்திருந்திருக்கிறார்.

செயற்கைக்கோளும் இவர்களுக்கு மிச்சத்திலிருந்தே கிடைத்தது. 1961 டிசம்பர் 12 அன்று ஏவப்பட்ட அமெரிக்க ராணுவ ராக்கெட்டில் எடைச் சமன்பாட்டுக்காக வைக்கவேண்டிய சுமையின் இடத்தில், கலிபோர்னிய அமெச்சூர்கள் செய்த ஆஸ்கார்-1 ஏறிக்கொண்டது. ஏறத்தாழ 4.5 கிலோ எடை. 140 மில்லிவாட் ஆற்றல். மோர்ஸ் குறியில் 'ஹாய்' என்று மட்டும் அது சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லும் வேகத்தைக் கொண்டு உள்ளிருந்த வெப்பநிலையைக் கணித்தனர். சுமார் மூன்று வாரங்களில் மின்கலம் ஓய்ந்தது.

தாழ்ந்த பாதையில் சுற்றும் கோள் சில நிமிடங்களில் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். மணிக்கணக்கில் உரையாட வேண்டுமாயின் நீள்வட்டப் பாதையில் உயரே செல்லவேண்டும். கார்ல் மைன்ட்சர் முன்னின்று நடத்திய ஜெர்மானியக் குழு இதற்காகப் பல்லாண்டு உழைத்துக் கட்டிய முதற் கோள், 1980 மே 23 அன்று ஏரியான் ராக்கெட்டுடன் அட்லாண்டிக்கில் விழுந்தது. மீண்டும் கட்டினர். 1988-இல் சென்ற ஆஸ்கார்-13 நுண்ணலையில், 2.4 கிகாஹெர்ட்ஸில், பேசியது; ஆனால் கேட்டவர்கள் சிலரே. எளிதான கீழ்ப்பட்டைகளும் அதே கோளில் இருக்க, எவர் இத்தனை பாடுபடுவார்?

அந்தப் பாட்டைக் கட்டாயமாக்கியது ஒரு விபத்து. 2000 நவம்பர் 16 அன்று கூருவிலிருந்து புறப்பட்ட ஆஸ்கார்-40, 600 கிலோவைத் தாண்டிய எடையுடன், அதுவரை அமெச்சூர்கள் கட்டியவற்றுள் மிகப் பெரியது. டிசம்பர் 13 அன்று உந்துபொறியைச் சார்ந்த வெடிப்பொன்றுக்குப் பின் அது மௌனமானது. கிறிஸ்துமஸ் நாளில், தரையிலிருந்து அனுப்பிய கட்டளையை ஏற்று, 2.4 கிகாஹெர்ட்ஸ் பரப்பி மட்டும் உயிர்பெற்றது. எல்லாரும் பழகியிருந்த கீழ்ப்பட்டைகளில் இனி அது பேசாது. பூமியிலிருந்து 59,000 கிலோமீட்டர் வரை விலகிச் செல்லும் அக்கோளைக் கேட்க விரும்பியவர் நுண்ணலை நிலையம் கட்டியே ஆகவேண்டும் என்றாயிற்று.

கட்டினார்கள். நூற்பாவைப் படித்தவர் பலர் தகட்டை வளைத்தறியார்; தகட்டை வளைக்கத் தெரிந்தவர் பலர் நூற்பாவைக் கண்டு அஞ்சினர். இரு சாராரும் ஒருவருக்கொருவர் ஆசிரியரானது அக்காலத்தின் அழகு.

12.5 சென்டிமீட்டர் அலைக்கு 60 சென்டிமீட்டர் கிண்ணம் போதும். அது வலுவை நூறு மடங்குக்கும் மேல் பெருக்கிக் காட்டும். பார்வைக் கோணம் ஏறக்குறைய 15 பாகை, ஆகவே குறிவைப்பது கையாலேயே இயலும். கிண்ணத்தின் குவியத்தில் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி வைத்தனர். உண்மையான இடர் இதற்குப் பின்னர்தான். இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணைச் சாதாரணக் கம்பிவடத்தில் வீட்டுக்குள் இறக்கினால் வழியிலேயே பெரும்பகுதி கரைந்துபோகும். எனவே ஆண்டெனாவின் காலடியிலேயே அதைப் பெருக்கி, 2256 மெகாஹெர்ட்ஸ் அலையோடு கலந்து, இரண்டின் வேறுபாடான 144 மெகாஹெர்ட்ஸாக மாற்றி இறக்கவேண்டும். இந்த மாற்றி புதிதாக விலைக்கு வாங்கினால் கைசுடும். நல்வாய்ப்பாக, அமெரிக்காவில் கம்பியில்லாக் கேபிள் தொலைக்காட்சிக்கென உற்பத்தியான மாற்றிகள் பழைய சரக்காகக் குவிந்துகிடந்தன. அவற்றைத் திறந்து, படிகத்தை மாற்றி, ஓரிரு உறுப்புகளைப் பெயர்த்துப் பற்றவைத்தால் வேலை முடிந்தது. யாருக்கோ படம் காட்டச் செய்த பெட்டி, விண்ணில் காயமுற்ற ஒரு கோளின் முனகலை வாங்கித் தந்தது.

2004 ஜனவரியின் இறுதியில் ஆஸ்கார்-40-இன் மின்கலங்கள் பழுதுற்று, கோள் நிரந்தரமாக ஓய்ந்தது. கிண்ணங்கள் கூரைகளில் நின்றன. அவற்றுக்குக் கேட்க ஒன்றுமில்லை. உயர்ந்த பாதையில் அடுத்த கோளுக்குப் பதினைந்தாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. ஏவுகட்டணம் அமெச்சூர்களின் உண்டியலை மீறிவிட்டிருந்தது.

விடை கத்தாரிலிருந்து வந்தது. 2018 நவம்பர் 15 அன்று ஏவப்பட்ட எஸ்ஹெய்ல்-2 என்னும் தொலைக்காட்சிக் கோளில் அமெச்சூர்களுக்கென இரு அலைமாற்றிகள் இடம்பெற்றன. 2019 பிப்ரவரியில் அவை பயன்பாட்டுக்கு வந்தன. இதையே கியூஓ-100 என்பர். புவிநிலைப் பாதையில் அமர்ந்த முதல் அமெச்சூர் நிலையம் இதுதான். பிரேசில் முதல் தாய்லாந்து வரை அதன் பார்வைக்குள் அடங்கும். சென்னையில் நின்று பார்த்தால் மேற்கே, சற்றே தெற்காக, தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 27 பாகை உயரத்தில் அது நிலைத்திருக்கிறது.

இங்கே திசை தலைகீழாயிற்று. 2.4-இல் கேட்பது இப்போது கடினம். வீடுதோறும் வைஃபை இரைகிறது. ஆகவே அப்பட்டையில் மேலே பேசி, 10.49 கிகாஹெர்ட்ஸில் கீழே கேட்கிறார்கள். கேட்பதற்கு வீட்டுத் தொலைக்காட்சிக் கிண்ணமும் அதன் எல்என்பியுமே போதும். ஆனால் மலிவான எல்என்பிக்குள் இருக்கும் 25 மெகாஹெர்ட்ஸ் படிகம் வெயிலுக்கும் நிழலுக்கும் அலைபாயும். அந்த அலைவு 390 மடங்காகப் பெருகும்போது, படம் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஒற்றைக் குரலைப் பிடிக்க முயல்பவருக்கோ அக்குரல் நழுவி ஓடும். எனவே படிகத்தை நீக்கி, ஜிபிஎஸ் கோள்களின் கடிகாரத்தோடு பூட்டிய அலையை உள்ளே செலுத்துகிறார்கள். மேலே பேசுவதற்கோ, வைஃபைக்கெனச் சந்தையில் விற்கும் ஆற்றல்பெருக்கிகள் கைகொடுக்கின்றன. தொல்லை கொடுத்தவனே துணையுமானான். அளவுமீறிய ஆற்றலில் கத்துவோரின் அலைமேல் சங்கொலி எழுப்பும் லெய்லா என்ற காவலாளியும் உண்டு. தம் குரல் 36,000 கிலோமீட்டர் சென்று திரும்பி, கால் நொடி கழித்துத் தம் காதிலேயே விழுவதைக் கேட்ட பின்புதான் நிலையம் முடிந்தது என்கிறார்கள்.

ஆனால் மிச்சமான நிலமென்று இன்று எதுவுமில்லை. 2020-இல் அமெரிக்க ஒழுங்காணையம், கைப்பேசிச் சேவைகளுக்கு இடம்தேடி, 3.3 முதல் 3.5 கிகாஹெர்ட்ஸ் வரையான பட்டையிலிருந்து அமெச்சூர்களை விலக்க முடிவெடுத்தது. ரீபர் முதன்முதலாகக் காதுகொடுத்து ஒன்றும் கேளாத 3300 மெகாஹெர்ட்ஸ் அந்தப் பட்டையின் வாயிலில்தான் இருக்கிறது. அவருடைய கிண்ணம் மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க் வானாய்வகத்தில் நினைவுப்பொருளாக நிற்கிறது.