பல் அடைப்பும் கடைசி ஐந்து நிமிடமும்: மினுக்குதலின் சிறு வரலாறு



பல் அடைக்கப் போனால் நம்மில் அநேகமானோரின் யோசனை ஒன்றுதான்: எப்போது கதிரையை விட்டு எழும்பலாம்? ஓட்டையை அடைத்தாயிற்று, வலியும் நின்றுவிட்டது. அதன் பிறகும் வைத்தியர் சின்ன இறப்பர் சில்லு ஒன்றை மாட்டித் தேய்க்கத் தொடங்கினால், "அது சும்மா பளபளப்புக்குத்தானே" என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தத் தேய்ப்புக்குப் பின்னால் நீண்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அதைச் சுருக்கமாகச் சொல்கிறோம், பொறுமையாக வாசியுங்கள்.

பாரசீகத்தில் பிறந்த அல்-ராஸி, குழி விழுந்த பல்லை மஸ்தகிப் பிசினும் படிகாரமும் சேர்ந்த கலவையால் அடைக்கச் சொன்னார். அவருக்குப் பின் குர்துபா அருகே வாழ்ந்த அல்-ஸஹ்ராவி, தமது 'அத்-தஸ்ரீப்' நூலில், பல்லில் படிந்து இறுகும் காரையைச் சுரண்டி எடுக்கும் கருவிகளைப் படம் வரைந்து விளக்கினார். ஒருவர் குழியை அடைப்பதைப் பற்றியும் மற்றவர் மேற்பரப்பைச் சுத்தமாக வைப்பதைப் பற்றியும் சிந்தித்தார்கள். இந்த இரண்டு சிந்தனையும் ஒரே வேலையாகச் சேரப் பல நூறு வருடங்கள் எடுத்தன.

ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டிலேயே தங்கத் தகட்டால் பல் அடைத்தார்கள். 1855இல் அமெரிக்கரான ரொபர்ட் ஆர்தர், தூய தங்கத் தகடுகளைச் சூளையில் உருக்காமல், வாய்க்குள்ளேயே அழுத்தி ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் முறையை அறிமுகப்படுத்தினார். அந்தத் தங்கத்தின் ஓரத்தை உருக்குக் கருவியால் அழுத்தித் தேய்த்தால் அது பல்லோடு நெருங்கிப் படியும். தேய்ப்பு என்பது அழகுக்கு மட்டுமல்ல, ஓரத்தில் இடைவெளி இல்லாமல் செய்வதற்கும்தான் என்பதைத் தங்கம் காட்டியது. ஆனால் அது பணக்காரரின் வைத்தியம்.

சாதாரண மக்களுக்கு வந்தது வெள்ளியும் பாதரசமும் கலந்த அமல்கம். 1826 அளவில் பரிஸில் டவோ என்பவர் வெள்ளி நாணயத் தூளைப் பாதரசத்தோடு குழைத்து அடைத்தார். 1833இல் குரோகூர் சகோதரர்கள் இதை நியூயோர்க்கிற்குக் கொண்டுபோனார்கள். அழுகிய பகுதியைக்கூடச் சரியாக அகற்றாமல் அவசரமாக அடைத்ததால் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1840இல் உருவான அமெரிக்கப் பல் சத்திரசிகிச்சையாளர் சங்கம், அமல்கம் பாவிக்க மாட்டோம் என்று அங்கத்தவர்களிடம் உறுதிமொழி கேட்டது. அந்தச் சண்டையிலேயே சங்கம் பிளவுபட்டு 1856இல் கலைந்தது. 1890களில் ஜி. வி. பிளாக் கலவையின் அளவுகளை ஆராய்ந்து, அளவுக்கு மீறி விரியாமலும் சுருங்காமலும் இருக்கும் அமல்கத்தை உருவாக்கிய பிறகுதான் அதன் மீது நம்பிக்கை வந்தது.

பழைய வகை அமல்கம் மெதுவாகவே இறுகும். அதனால் குறைந்தது 24 மணித்தியாலம் கழித்து, இன்னொரு நாள் வரச்சொல்லித்தான் மினுக்குவார்கள். நுரைக்கல் தூளையும் வெண்கட்டித் தூள் போன்ற மென்மையான தூள்களையும் ஈரமாகவே பாவிப்பார்கள். காய்ந்த நிலையில் தேய்த்தால் சூடேறிப் பாதரசம் மேற்பரப்புக்கு வந்துவிடும். கீறலும் குழியும் உள்ள இடத்தில் ஊத்தை தங்கும், உலோகம் அரிக்கத் தொடங்கும். ஓரத்தில் மெல்லிய தகடு போல மிஞ்சி நிற்கும் அமல்கம் கடிக்கும்போது உடைந்து, அங்கே ஒரு பள்ளம் விழும்.

1960களில் செம்பு கூடிய புதிய அமல்கம் வந்தது. அது அரிப்பைத் தானாகவே நன்றாகத் தாங்கியது. ஆகவே மறுநாள் மினுக்குவதால் கிடைத்த மேலதிக நன்மை முன்பைவிடக் குறைந்துபோனது. ஒரு அடைப்பு எவ்வளவு காலம் நிற்கும் என்பதை அதன் பளபளப்பை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது என்ற பாடம் இங்கே கிடைக்கிறது.

அடுத்தது பல் நிறத்தில் இருக்கும் கொம்பசிற். 1962இல் ரஃபேல் போவன் காப்புரிமை பெற்ற பிசினில் பளிங்குத் துகள்களைக் கலந்து செய்தார்கள். துகள்கள் பெரியவை, கடினமானவை, பிசினோ மென்மையானது. மினுக்கினால் பிசின் மட்டும் தேய்ந்து துகள்கள் வெளியே நின்றன. கொங்கிறீற் வீதியில் சீமெந்து தேய்ந்து சல்லிக்கல் தலைகாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். தேநீர்க் கறையும் அங்கேதான் ஏறியது. 1970களின் பிற்பகுதியில் 0.04 மைக்ரோமீற்றர் அளவுச் சிலிக்கா சேர்த்த வகை வந்தது. அது கண்ணாடி போல மினுங்கியது, ஆனால் மெல்லும் பற்களின் பாரத்தைத் தாங்கும் பலம் குறைவு. பிறகு பெரிய துகளும் சிறிய துகளும் கலந்த வகைகளும், 2000களின் தொடக்கத்தில் நனோத் துகள் வகையும் வந்து, பலமும் பளபளப்பும் ஓரளவு ஒன்றுசேர்ந்தன.

இந்த வெள்ளை அடைப்புக்கு மினுக்குதல் இன்னொரு காரணத்துக்காகவும் தேவை. ஒளி காட்டி இறுக்கும்போது, காற்றிலுள்ள ஒட்சிசன் படும் மேற்படை முழுமையாக இறுகாது. அந்த மென்படையை எடுத்துவிடாவிட்டால் அது சீக்கிரம் கறை பிடிக்கும். 1997இல் வெளியான ஆய்வொன்று, மேற்பரப்பின் கரடுத்தன்மை ஏறத்தாழ 0.2 மைக்ரோமீற்றரைத் தாண்டினால் பக்டீரியாப் படிவும் கூடும் என்று சொன்னது. அது ஒரு தலைமுடியின் தடிப்பில் சில நூறில் ஒரு பங்குதான்.

இது ஏன் நமது பிள்ளைகளின் விடயம்? பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் ஒரு தரப்பு. அமல்கம் படிப்படியாகக் குறைகிறது, பிள்ளைகளின் வாயில் வெள்ளை அடைப்பே கூடுகிறது. ஓரம் கறுத்த அடைப்பைச் சூத்தை என்று எண்ணிக் கழற்றி மாற்றினால், ஒவ்வொரு முறையும் நல்ல பல்லிலும் கொஞ்சம் போகும், குழி பெரிதாகும். பத்து வயதில் அடைத்த பல்லை நாற்பது வயதில் பிடுங்க வேண்டி வரலாம். வெறும் மேற்கறை என்றால் பல நேரம் மீண்டும் மினுக்கிவிட்டாலே போதும், கழற்றத் தேவையில்லை.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில. கடைசி ஐந்து நிமிடத்துக்கு அவசரப்படாதீர்கள். எழும்ப முன் நாக்கால் தடவிப் பாருங்கள்; கரடாகவோ உயரமாகவோ இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். இன்னொரு நாள் வரச்சொன்னால் போங்கள். அடைப்புள்ள பல்லை உமிக்கரி, உப்பு, கரித்தூள் கொண்டு தேய்க்காதீர்கள், மினுக்கிய மேற்பரப்பு கீறிப்போகும். கறை தெரிந்தால், "மாற்றாமல் மினுக்கிப் பார்க்கலாமா, டொக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பிள்ளையின் பல்லைப் பல வருடங்களுக்குக் காப்பாற்றக்கூடும்.