கூடி அழ ஓர் இடம்

போடிநாயக்கனூரிலிருந்து வடமேற்கே குரங்கணி, கொட்டகுடி வரை போனால் மலை சுவர்போல எழுந்து நிற்கும். உச்சியில் டாப் ஸ்டேஷன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலை சின்ன ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கியது. அதன்பிறகு போடிக்கு மாட்டுவண்டி. தேயிலைப் பெட்டிக்குக் கம்பிவடம் இருந்தது. அந்தத் தேயிலையைப் பறித்தவர்களும், பக்கத்து ஏலக்காட்டில் களை எடுத்தவர்களும் கால்நடையாகத்தான் மலையேறினார்கள்.

பசிதான் அவர்களை ஏற்றியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அந்தப் பஞ்சத்தின் நடுவில்தான், 1877-ல், மூணாற்றைச் சூழ்ந்த கண்ணன் தேவன் மலையை ஜான் டேனியல் மன்றோ என்ற பிரிட்டிஷ்காரர் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து குத்தகைக்கு வாங்கினார். ஏலமலையைத் திருவிதாங்கூர் அரசு 1897-ல் காப்புக்காடாக அறிவித்தது. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும் என்பதால் மேலே காடு நிற்க, அடியில் ஏலம் வளர்ந்தது. கம்பம், போடிப் பக்கத்துத் தமிழர்கள் அங்கே தோட்டம் போட்டார்கள். வேலைக்கும் இங்கிருந்தே ஆட்கள் போனார்கள். முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போவது கங்காணியின் வேலை. அந்தக் கடன் கழியும்வரை இறங்க முடியாது. மலைக்காய்ச்சலும் மழையும் குளிரும் கங்காணி கணக்கில் வராதவை.

மலையேறியவர்கள் எதை விட்டுப் போனார்கள் என்பதற்குச் சொத்துக் கணக்கு மட்டும் போதாது. மதுரை, தேனி வட்டாரத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஊரும் உறவும் துட்டி கேட்க வரும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, முன்னும் பின்னும் அசைந்து அழுவார்கள். ஒருத்தி ஒப்பாரியை எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். புதிதாக வருகிறவள் நேராக அந்த வட்டத்துக்குள் போய் உட்காருவாள். அழுகை ஓய்ந்ததும் மூக்கைச் சிந்தி, தண்ணீர் குடித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். அடுத்த ஆள் வந்தால் மறுபடி தொடங்கும். பதினாறாம் நாள் கருமாதி வரை துக்கத்துக்கு இப்படி நாள் கணக்கும் ஆள் கணக்கும் உண்டு.

இசபெல் கிளார்க்-டெசெஸ் என்ற மானுடவியலாளர் தமிழ் ஒப்பாரி பற்றி ஒரு புத்தகம் எழுதி 2005-ல் வெளியிட்டார். ‘செத்தவருக்காக யாரும் அழுவதில்லை’ என்பதுபோன்ற ஒரு தலைப்பு அதற்கு. பெண்கள் பிணத்தின் முன் அமர்ந்து பாடுவது பெரும்பாலும் தங்கள் சொந்த வாழ்க்கையை; பிறந்த வீட்டை இழந்தது, புருஷன் வீட்டில் பட்டது, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தது எல்லாம் அந்த நேரத்தில் வெளியே வருகின்றன என்று அவர் காட்டினார். துட்டி வீட்டுக்குப் போய் வந்த எந்தப் பெண்ணுக்கும் இது தெரிந்த விஷயம். மற்ற நாட்களில் சொன்னால் வாயாடி என்று பெயர் வாங்கித் தரும் சங்கதியை, அன்று பத்துப் பேர் கேட்க உரக்கச் சொல்லலாம். யாரும் தடுக்க மாட்டார்கள்.

மலையில் இந்த ஏற்பாடு அறுந்தது. லயம் எனும் வரிசை வீடுகளில் பக்கத்துச் சுவருக்கு அப்பால் இருந்தது வேறு ஊர், வேறு உறவு. நடந்து போய்ச் சேதி சொல்ல வேண்டிய காலத்தில், அது ஊர் வந்து சேர்வதற்குள் உடல் மலையில் அடக்கமாகிவிடும். தாய்க்குத் தெரியாமலே மகன் மண்ணுக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. 1924 ஜூலை வெள்ளம் மூணாற்றையும் அந்தச் சின்ன ரயிலையும் ஒருசேர அழித்தது. ரயில் போன கதையைப் பயணக் கட்டுரைகள் இன்றும் சொல்கின்றன. தோட்டத் தொழிலாளியின் துக்கத்தை அவ்வளவு அக்கறையாக யாரும் எழுதி வைக்கவில்லை.

கூடி அழும் ஏற்பாட்டை மலை இழந்த அதே நூற்றாண்டில் இங்கிலாந்து, போர்முனையில் மனம் உடைந்த சிப்பாய்களை என்ன செய்வது என்று தவித்தது. இரண்டாம் உலகப் போரின்போது பர்மிங்காம் அருகே நார்த்ஃபீல்டு ராணுவ மருத்துவமனையில் பியான், ஃபோக்ஸ் போன்ற மனநல மருத்துவர்கள் அவர்களைக் கூட்டமாக உட்கார வைத்துப் பேசவிட்டார்கள். ஒருவன் பட்டதை இன்னொருவன் கேட்க, தனக்கு மட்டும் பைத்தியம் பிடிக்கவில்லை என்ற ஆறுதல் கிடைத்தது. குழுச் சிகிச்சை மருத்துவத்தில் வேரூன்றியதில் அந்த மருத்துவமனைக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த இரண்டு வழக்கங்களையும் தமிழ் மண்ணில் இணைத்துப் பார்த்தவர் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். இலங்கை உள்நாட்டுப் போர் நடந்த ஊரிலேயே இருந்து வைத்தியம் பார்த்து, அந்த அனுபவத்தை 1998-ல் நூலாக்கினார். போர் தனித்தனி ஆட்களை மட்டும் காயப்படுத்தவில்லை, ஊரையும் குடும்பத்தையும் நம்பிக்கையையும் சேர்த்து உடைத்தது என்பது அவர் வாதம். அப்படியானால் மருந்தும் ஊர் அளவில் வேண்டும். ஆசிரியர்கள், சுகாதாரப் பணியாளர்கள், ஊர்ப் பெரியவர்கள் எனப் பலருக்கும் உளவளப் பயிற்சி கொடுக்கப்பட்டது. ஒப்பாரியையும் ஈமச் சடங்குகளையும் மூடப்பழக்கம் என்று அவர் ஒதுக்கவில்லை. அவை துக்கத்தை ஆற்றுகின்றன என்றார். உடல் கிடைக்காத, சடங்கு செய்ய முடியாத, அழவே அஞ்சிய குடும்பங்களில்தான் காயம் ஆறாமல் நின்றது என்றும் எழுதினார்.

ஏலமலைச் சரிவுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதை 2011 டிசம்பர் காட்டியது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே முல்லைப் பெரியாறு அணைத் தகராறு முற்றிய அந்த நாட்களில் குமுளி எல்லை அடைபட்டது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஆயிரக்கணக்கானோர் எல்லையை நோக்கித் திரண்டு போனார்கள். அதே வேளையில் இடுக்கித் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள், மிரட்டலுக்கும் அடிக்கும் அஞ்சி, காட்டுப் பாதைகள் வழியே போடி, தேவாரம் பக்கம் இறங்கினார்கள். பிள்ளைகளைச் சுமந்த பெண்களும் அதில் இருந்தார்கள். தாத்தா பாட்டி பசியால் ஏறிய மலையிலிருந்து பேரப்பிள்ளைகள் பயத்தால் இறங்கினார்கள்.

பிறகு நிலைமை தணிந்தது. தொழிலாளிகளை மலைக்கு ஏற்றிப் போகும் ஜீப்புகள் மறுபடி ஓடின. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்த அனுமதித்தது. அணையைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் மலையளவு; அந்த இறக்கத்தைப் பற்றியவை சொற்பம். இறங்கி வந்த பெண்களில் பலருக்கு வேறு வழியில்லை, அதே தோட்டத்துக்கு, அதே ஆட்களுக்கு நடுவே ஏறிப் போனார்கள். பயம் போய்விட்டதா என்று அவர்களை உட்கார வைத்துக் கேட்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. அது பெரிய தவறு.

கூடி உட்காரப் பெண்களுக்குத் தெரியாமல் இல்லை. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தொழிலாளிகள் பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில், ஆண் தொழிற்சங்கத் தலைவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஒன்பது நாள் சாலையில் அமர்ந்தார்கள். கேட்டது 20 சதவீத போனஸ், அதை வாங்கினார்கள். ஆனால் அந்தச் சாலையில் பேசப்பட்டது போனஸ் மட்டுமல்ல. கொழுந்து மூட்டையால் தேய்ந்த முதுகு, ஒழுகும் லயம், குடிக்கிற புருஷன் என்று எல்லாம் சபைக்கு வந்தது.

ஐந்து ஆண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். அதில் நான்கு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறுப் பக்கம். கொரோனா காலம். மாநில எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். ராஜமலையில் ஒன்றாகக் குழி வெட்டி அடக்கம் செய்தார்கள். கயத்தாற்றில் எத்தனையோ வீடுகளில் முகம் பார்க்காமல், தோளில் கை போட ஆளில்லாமல் அழுதிருப்பார்கள். நூறாண்டுக்கு முன் மலைக்காய்ச்சலில் செத்தவன் வீட்டுக்கு நேர்ந்ததேதான் இதுவும்.

2024 ஜூலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை சரிந்தபோது கேரள சுகாதாரத் துறையின் மனநலக் குழுக்கள் முகாம்களுக்கே போய்த் தனியாகவும் கூட்டாகவும் பேசின. பேரிடர் வந்தால் இப்படிச் செய்யலாம் என்று அரசுகளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஏலமலையின் துயரம் பெரும்பாலும் தொலைக்காட்சி வண்டி வராத அளவில் நடக்கிறது: ஒரு ஜீப் வளைவில் கவிழ்கிறது, ஒரு மரக்கிளை முறிந்து விழுகிறது. இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்களும் ஏலத்தோட்டங்களில் தங்கி வேலை பார்க்கிறார்கள். அவர்கள் அழுகையைப் புரிந்துகொள்ளும் மொழி பக்கத்தில் இல்லை.

போடியிலும் தேவாரத்திலும் விடியுமுன் ஜீப் ஏறி, பொழுது சாய்ந்து இறங்கும் பெண்ணுக்குப் பகல்நேர வெளிநோயாளிப் பிரிவு உதவாது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அதே வழியில், மாலை ஏழு மணிக்குத் தெருவிலேயே ஒரு கூட்டம் உட்கார முடியும். ஒரே ஜீப்பில் வருஷக்கணக்காகப் போகும் பத்துப் பேர் ஏற்கெனவே ஒரு குழு. கவிழ்ந்த ஜீப்பில் உடனிருந்தவள் பேசினால் அவர்கள் கேட்பார்கள். கேட்கப் பயிற்சி பெற்ற ஒருத்தி நடுவில் இருக்க வேண்டும். அந்த ஒருத்திக்கான சம்பளத்தைத் தேனி மாவட்ட நிர்வாகமும், ஏலத்தில் லாபம் பார்க்கும் தோட்டக்காரர்களும் ஏற்க வேண்டும்.