கடமைக்கு நகரம், உரிமைக்கு நாடு: ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் மாநகராட்சிகளின் இடம்

ஐரோப்பிய ஒன்றியத்தில் நகரங்களின் செல்வாக்கு வளர்ந்துவருகிறது என்பதற்கு வழக்கமாக ஒரு வரிசை காட்டப்படும். 1986இல் பார்சிலோனா, பர்மிங்காம், ஃபிராங்க்ஃபர்ட், லியோன், மிலான், ராட்டர்டாம் ஆகிய ஆறு நகரங்களின் மேயர்கள் சேர்ந்து யூரோசிட்டீஸ் கூட்டமைப்பைத் தொடங்கினர். மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை உருவாக்கிய வட்டாரங்களின் குழு 1994இல் முதன்முறை கூடியது. 2016 மே மாதம் ஆம்ஸ்டர்டாமில் ஒன்றியத்துக்கென ஒரு நகர்ப்புறச் செயல்திட்டம் ஏற்கப்பட்டது. இவை நடந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அமைப்புகளை எண்ணிக்கொண்டு போவதால் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடாது. அதை அறிய நீதிமன்றத் தீர்ப்புகளைப் பார்க்க வேண்டும். அவற்றில் தெரிவது வேறொரு படம்: ஒன்றியச் சட்டம் நகரத்தின் மீது கடமையை நேரடியாகச் சுமத்துகிறது, உரிமை என்று வந்தால், நாட்டின் வழியாக வா என்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு நகரங்களுக்கு மட்டும் நேர்ந்த குறை அல்ல, ஒருங்கிணைப்பின் தரத்தையே கெடுக்கும் குறை என்பது இக்கட்டுரையின் வாதம்.

கடமையின் கதை மிலானில் தொடங்குகிறது. 1990 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்காக அந்நகரின் விளையாட்டரங்கை மாற்றியமைக்க மாநகராட்சி ஒப்பந்தப்புள்ளி கோரியது. அளவுக்கு மீறிக் குறைவாகத் தோன்றும் விலைப்புள்ளிகளைக் கணக்கு வாய்பாட்டின்படி தாமாகவே தள்ளிவிட இத்தாலியச் சட்டம் இடம் கொடுத்தது. அப்படி ஒதுக்கப்பட்ட கோஸ்டான்சோ என்ற நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. ஒப்பந்தக்காரரிடம் விளக்கம் கேட்காமல் தள்ளக் கூடாது என்று ஐரோப்பிய நெறியாணை சொல்லியிருந்தது. 1989 ஜூன் 22இல் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்த ஒரு டெண்டரோடு நிற்கவில்லை. நெறியாணை போதிய தெளிவோடும் நிபந்தனையின்றியும் இருந்தால், நகராட்சி உட்பட எல்லா நிர்வாக அமைப்புகளும் அதைப் பின்பற்றியாக வேண்டும். அதற்கு முரணான தேசியச் சட்டத்தைப் பின்பற்றக் கூடாது என்றது. ஒரு நகராட்சி அதிகாரி தன் நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று சொல்வது எளிய செய்தி அல்ல. நாட்டைத் தாண்டி நகரத்தின் கையைப் பிடிக்க ஒன்றியச் சட்டம் அன்று கற்றுக்கொண்டது.

உரிமையின் கதை டீசல் வண்டிகளைப் பற்றியது. காற்றில் நைட்ரஜன் டைஆக்சைடின் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2008ஆம் ஆண்டு நெறியாணை வரம்பு கட்டியது. யூரோ 6 தர டீசல் கார் கிலோமீட்டருக்கு 80 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடுக்கு மேல் உமிழக் கூடாது என்பது வேறொரு விதி. 2015இல் உமிழ்வுச் சோதனையில் வோக்ஸ்வாகன் செய்த மோசடி அம்பலமான பிறகு, ஆய்வுக்கூடத்தோடு நிற்காமல் சாலையிலும் உமிழ்வைச் சோதிக்க முடிவாயிற்று. அத்தோடு ஒரு தளர்வும் வந்தது. சாலைச் சோதனையில் வரம்பைப் போல் முதலில் 2.1 மடங்கு, பிறகு 1.5 மடங்கு வரை விடலாம் என்று ஐரோப்பிய ஆணையம் 2016இல் விதித்தது. அதாவது 80 என்று ஏட்டில் இருந்தது சாலையில் 168 ஆகவும், பின்னர் 120 ஆகவும் ஆகலாம். உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள் அமர்ந்த தொழில்நுட்பக் குழு இதற்கு முன்னரே ஒப்புதல் தந்திருந்தது. அந்த அறையில், புகையைச் சுவாசிப்பவர்களுக்கு அன்றாடம் பதில் சொல்ல வேண்டிய எந்த நகரமும் இல்லை. பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், மாட்ரிட் ஆகிய மூன்றும் வழக்குத் தொடுத்தன. 2018 டிசம்பர் 13இல் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அவற்றின் வழக்கை ஏற்று, சட்டம் வகுத்த வரம்பைத் தானாகத் தளர்த்த ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று அந்தப் பகுதியை ரத்துசெய்தது. மேல்முறையீட்டுக்கு வந்தவர்கள் ஆணையமும், ஜெர்மனியும், ஹங்கேரியும். 2022 ஜனவரி 13இல் ஐரோப்பிய நீதிமன்றம் கீழ்த் தீர்ப்பைத் தள்ளியது. தளர்வு சரியா தவறா என்பதற்குள்ளேயே அது போகவில்லை. இந்த விதி நகரங்களை நேரடியாகப் பாதிக்கவில்லை, ஆகவே அவற்றுக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நகரங்கள் தோற்றாலும் ஆதாயம் அவற்றுக்கே என்பது அது. நகரங்கள் தம் எல்லைக்குள் வண்டிகளுக்குத் தடைபோடும் அதிகாரத்தை இந்த விதி பறிக்கவில்லை என்று நீதிமன்றம் சொன்ன காரணம், நகரங்களுக்குப் பெரிய உறுதிமொழி அல்லவா? சட்ட அளவில் உண்மைதான். ஆனால் தொழிற்சாலை வாசலில் கோட்டைவிட்டதைத் தெருமுனையில் பிடித்துக்கொள் என்று சொல்வதற்கும் அதுவே பொருள். அனுமதி பெற்று முறையாக விற்கப்பட்ட காரை வாங்கியவரை, நகர எல்லையில் தடுத்து நிறுத்தும் வெறுப்பான வேலை மேயருக்கு மிஞ்சுகிறது. ஸ்டுட்கார்ட், டுசல்டார்ஃப் வழக்குகளில் 2018 பிப்ரவரியில் லைப்சிகில் உள்ள ஜெர்மன் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் டீசல் தடைக்கு வழிவிட்டபோது எழுந்த கொந்தளிப்பு, இந்த வேலை எவ்வளவு கசப்பானது என்பதைக் காட்டியது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019 அக்டோபரில் இதே ஐரோப்பிய நீதிமன்றம், நைட்ரஜன் டைஆக்சைடு வரம்பை மீறியதற்காகப் பிரான்ஸைக் குற்றவாளி என்றது. மீறல் கண்ட 12 பகுதிகளில் பாரிஸும் ஒன்று. அளவுகோல் வைக்கப்பட்டது பாரிஸின் காற்றில். கூண்டில் நின்றது பிரான்ஸ். தன் காற்றைக் கெடுக்கும் விதியை எதிர்த்துப் பாரிஸ் போனபோது மட்டும் நேரடித் தொடர்பு இல்லாமல் போயிற்று.

நகரங்கள் பேச வட்டாரங்களின் குழு இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. இன்று 329 உறுப்பினர்கள் கொண்ட அக்குழு ஆலோசனை சொல்லலாம். லிஸ்பன் உடன்படிக்கைக்குப் பின், கீழ்மட்டத்தில் முடிவெடுக்கக்கூடியதை மேல்மட்டம் எடுக்கக் கூடாது என்ற கீழ்மட்ட முன்னுரிமைக் கொள்கை மீறப்பட்டதாக வழக்கும் போடலாம். ஆனால் சொந்தச் சட்டமன்றம் கொண்ட பவேரியாவையும் சில ஆயிரம் மக்கள் வாழும் சிற்றூரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்த அமைப்பு, ஒரு குறிப்பிட்ட நகரின் குறிப்பிட்ட பாதிப்புக்காக வாதாடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. நகரங்கள் உண்மையில் வென்ற இடம் வேறு. ஆம்ஸ்டர்டாம், பார்சிலோனா, பாரிஸ், வியன்னா உள்ளிட்ட பத்து நகரங்கள், குறுகியகால வாடகைத் தளங்களால் குடியிருப்புகள் சுற்றுலா விடுதிகளாகின்றன என்று 2019 ஜூனில் கூட்டாகக் குரலெழுப்பின. 2024இல் வந்த ஒன்றிய ஒழுங்குவிதி, நகரங்கள் கேட்ட தரவைத் தளங்கள் பகிர வேண்டும் என்றது. சட்டத்துக்குள் நகரத்தின் அனுபவம் புகுந்தால் சட்டம் தேறும் என்பதற்கு இது சான்று. ஆனால் அதைச் செய்தது பணமும் ஆளும் பெயரும் உள்ள பெருநகரங்களின் நெருக்கடி. பிரஸ்ஸல்ஸில் அலுவலகம் வைக்க வசதியில்லாத ஊர்களுக்கு அந்த வழி திறப்பதில்லை.

நகரம் என்றாலே முற்போக்கு, ஐரோப்பிய மனம் என்று எடுத்துக்கொள்வோருக்கு எதிரான மறுப்பையே நான் அதிகம் மதிக்கிறேன். 2019 டிசம்பரில் புடாபெஸ்ட், பிராக், பிராட்டிஸ்லாவா, வார்சா மேயர்கள் சுதந்திர நகரங்களின் உடன்பாட்டில் கையெழுத்திட்டு, ஒன்றிய நிதி நகரங்களுக்கு நேரடியாக வர வேண்டும் என்று கேட்டபோது, அதைக் கொண்டாடியவர்கள் பலர். அதே ஆண்டில் போலந்தில் பல உள்ளாட்சிகள் தன்பாலீர்ப்பினருக்கு எதிரான தீர்மானங்கள் போட்டன. 2020இல் அத்தகைய ஆறு ஊர்களின் இரட்டை நகர மானிய விண்ணப்பங்களை ஆணையம் நிராகரித்தது. உள்ளாட்சி என்பதாலேயே நல்லாட்சி ஆகிவிடாது. மேயரின் கட்சி நிறத்தைப் பார்த்து நகரத்துக்கு உரிமை தருவது, அடுத்த தேர்தலில் அந்த உரிமையையே கேள்விக்குள்ளாக்கும்.

ஆகவே உரிமையைக் கடமையோடு கட்டுவதே பொருத்தம். ஒன்றியச் சட்டம் நகராட்சியின் மீது தெளிவான பொறுப்பைச் சுமத்தியிருக்கும்போது, அதே ஒன்றியத்தின் வேறொரு விதி அப்பொறுப்பை நிறைவேற்றுவதைக் கணிசமாகக் கடினமாக்கினால், அந்த விதியை மட்டும் எதிர்க்க அந்நகராட்சிக்குத் தகுதி இருக்க வேண்டும். ஒன்றியத்தின் எல்லா நகராட்சிகளும் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தின் படியேறும் என்ற அச்சம் இந்த வரம்பில் பெரிதும் தீரும். பொருளாதார நலன் பாதிக்கப்பட்டது, வரி வருவாய் குறைந்தது என்பன போன்ற பொதுப் புகார்கள் உள்ளே வராது. உடன்படிக்கையைத் திருத்தவும் தேவையில்லை. தனியார் வழக்காடும் தகுதியைக் குறுக்கிவைத்த 1963ஆம் ஆண்டு பிளாவ்மன் தீர்ப்பும், நேரடிப் பாதிப்பு எது என்ற இலக்கணமும் நீதிமன்றமே வகுத்தவை. தெளிவாக இருந்தால் நகராட்சியைக் கட்டும் என்று கோஸ்டான்சோவில் நெறியாணைக்கு வைத்த அதே சோதனையை, வழக்காட வரும் நகராட்சிக்கும் வைப்பதற்குச் சட்டத்தில் தடையில்லை. தடை தலைநகரங்களில் இருக்கிறது: 2018 தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போன இரண்டு நாடுகளில் ஒன்று, ஐரோப்பாவின் மிகப் பெரிய கார் உற்பத்தி நாடு.