மனச்சிதைவு நோயும் அமினோ அமில வளர்சிதைமாற்றமும்

ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய் என்றதும் டோபமினைத்தான் பேசுவார்கள். அமினோ அமிலங்களுக்கும் அதே அளவு கவனம் தேவை. மூளையைத் தூண்டும் முதன்மை வேதிப்பொருளான குளுட்டமேட் ஓர் அமினோ அமிலம். அதன் என்.எம்.டி.ஏ. ஏற்பி திறக்கக் கிளைசினோ டி-செரினோ கூடவே வந்து ஒட்ட வேண்டும். மூளையில் கிளைசினைக் கூட்டும் பிடோபெர்டின் என்ற மருந்து பெரிய ஆய்வுகளில் தேறவில்லை.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமானது டிரிப்டோஃபான். உணவில் வரும் டிரிப்டோஃபானின் பெரும்பகுதி கைனுரெனினாக மாறுகிறது. அங்கிருந்து பாதை பிரிகிறது. ஒரு கிளையில் உருவாகும் கைனுரெனிக் அமிலம் அதே என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடக்கக்கூடியது, நோயாளிகளின் மூளைத் தண்டுவடத் திரவத்தில் அது கூடியிருப்பதை 2001இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். மற்றக் கிளை நியாசின் சத்தின் தேவையை ஈடுகட்டுகிறது: 60 மில்லிகிராம் டிரிப்டோஃபான் ஏறக்குறைய 1 மில்லிகிராம் நியாசினுக்குச் சமம்.

இந்த நியாசின் கிளைக்கு வைட்டமின் பி6 வேண்டும். காசநோய் மருந்தான ஐசோனியசிட் அதை முடக்கும். எனவே டேவிட் சௌரி முத்து 1928இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியத்தைப் போன்ற காசநோய் மருத்துவமனைகளுக்கும் இதில் அக்கறை உண்டு. சத்தின்றி மெலிந்த நோயாளிக்கு ஐசோனியசிட்டால் நியாசின் குறைபாட்டு நோயான பெலாக்ரா வரலாம். வெயில் படும் கழுத்திலும் புறங்கையிலும் தோல் கறுத்து உரியும். வயிற்றுப்போக்கு, பிறகு மனக்குழப்பம், சிலருக்கு மாயக்குரல்கள். இதை மனச்சிதைவு என்று முடிவுகட்டுவது ஆபத்து. நியாசின் கொடுத்தால் பெரும்பாலும் சில நாள்களிலேயே தெளிவு வரும். ஐசோனியசிட்டோடு பைரிடாக்சின் மாத்திரை தருவது பி6 குறையாமலிருக்கத்தான்.

சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து ஆய்வாளர் சி. கோபாலன், எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவுடன் 1960இல் இன்னொரு அமினோ அமிலத்தைச் சுட்டினார். சோளமே முக்கிய உணவாக இருப்பவர்களுக்குப் பெலாக்ரா வர, அதில் மிகுந்துள்ள லியூசின் காரணம் என்பது அவர்கள் கருத்து. பின்னாளில் அது விவாதத்துக்குள்ளானாலும் தானியத்தையும் மனநிலையையும் ஒருசேரப் பார்க்க வைத்த அருமையான பணி அது.

மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு அமைப்பும் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய மரபணு ஆய்வு 2019இல் வெளியானது. நோயோடு தொடர்புள்ளதாக அது காட்டியது 8ஆம் குரோமோசோமிலுள்ள என்.ஏ.பி.ஆர்.டி.1 மரபணுவை. உணவிலுள்ள நிக்கோட்டினிக் அமிலத்தை, அதாவது நியாசினின் ஒரு வடிவத்தை, செல் பயன்படுத்த உதவும் நொதி இதிலிருந்தே உருவாகிறது. டிரிப்டோஃபான் பாதை வந்து சேரும் சந்திப்பும் அந்த நொதியின் வேலை முடியும் இடமும் ஒன்றே. இதற்காக நியாசின் மாத்திரையை அள்ளி விழுங்கலாகாது: 1950களில் கனடாவில் தொடங்கிய பெருமளவு நியாசின் சிகிச்சையால் மனச்சிதைவுக்குப் பலனிருப்பதைப் பின்வந்த ஒப்பீட்டு ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை.