ஆர்2-டி2வும் எங்கட சூரனும்: அளவு எழுதி வைத்தவர்களின் கதை

தொண்டைமானாறு என்று சொன்னால் ஏ.எல். படித்த ஆக்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கடலும் இல்லை, சந்நிதி முருகனும் இல்லை. வெளிக்கள நிலையத்தின்ர வினாத்தாள்தான். வடக்கில் எந்த மூலையில் படித்திருந்தாலும் அந்தத் தாளில் ஒரு கப்பிக் கணக்கோ, ஒரு சாய்தளக் கணக்கோ உங்களைக் கலங்கடித்திருக்கும். நாங்கள் ஆர்ட்ஸ் ஆக்கள், தப்பிவிட்டோம்.

அதே தொண்டைமானாற்றிலிருந்து கரையோர வீதியால் கிழக்கே கொஞ்சத் தூரம் போனால் வல்வெட்டித்துறை. தைப்பொங்கல் பின்னேரம் அங்கத்தைய உதயசூரியன் கடற்கரையில் அந்தக் கப்பியும் கயிறும் புவியீர்ப்பு மையமும் வானத்தில் பறக்கும். கப்பலாக, விமானமாக, கை கால் அசைக்கும் உருவமாக. கீழே நிற்கிற சனம் போனை மேலே பிடித்தபடி நிற்கும். படம் எடுப்போம், போடுவோம், லைக் வரும். அந்தப் பட்டத்தின்ர வரைபடம் எங்கே என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வி எங்களுக்கு வந்தது சம்பந்தமே இல்லாத ஒரு இடத்திலிருந்து. சினிமாவில் வந்த ரோபோவைப் பார்த்து அச்சொட்டாக அதேமாதிரி வீட்டில் செய்யும் ஆக்களின் வரலாற்றை வாசிக்கப் போய்த்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

படம் முடிந்த பிறகு ரோபோ எங்கே போகும்?

1927-ல் ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்' என்ற மௌனப் படம் வந்தது. அதில் வரும் பெண் ரோபோவைச் செய்தவர் வால்டர் ஷூல்ட்சே-மிட்டன்டோர்ஃப் என்ற சிற்பி. நடிகை பிரிகிட்டே ஹெல்மின் உடம்பை அச்செடுத்து, அதன்மேல் மரத்தூள் கலந்த பசையைப் பூசி, காய்ந்த பிறகு செதுக்கி, உலோகம் மாதிரி மினுங்க வைத்தார். உள்ளே நின்று நடந்தது ஹெல்மேதான். சினிமா வரலாற்றிலேயே மிகவும் பேசப்பட்ட ரோபோ அது. ஆனால் அசல் இன்று இல்லை, அழிந்துவிட்டது. பின்னாளில் பிரான்சின் சினிமா காப்பகத்துக்காக அதைத் திரும்பச் செய்து கொடுத்ததும் அதே சிற்பிதான்.

1956-ல் வந்த 'ஃபோர்பிடன் பிளானட்' படத்தின் ரொபி என்ற ரோபோவுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. கைமாறிக் கைமாறித் தப்பிப் பிழைத்து, 2017-ல் நியூயோர்க்கில் 53 லட்சம் டொலருக்கு மேல் ஏலம் போனது. அது விலைபோகும் பொருள் என்று ஸ்டூடியோக்கள் உணர்வதற்கு எவ்வளவோ முன்னம், எழுபதுகளிலேயே, பிரெட் பார்ட்டன் என்ற இளைஞர் ரொபியை முழு அளவில் நகல் செய்தார். அசலைப் பழுதுபார்த்ததும் அவர்தான்.

இப்படிப் பார்த்தால் ஒரு விசயம் விளங்கும். படம் எடுப்பவர்களுக்கு ரோபோ ஒரு செற் சாமான். கமரா ஓடும் வரைக்கும் நின்றால் போதும், பின்பக்கம் பலகையா தகரமா என்று பார்க்க ஆளில்லை. கடைசி ஷொட் முடிந்தால் அது குப்பை. அதைப் பொருளாக மதித்து வைத்தது, சம்பளம் இல்லாமல் அதன்மேல் பைத்தியமாக இருந்த ஆக்கள்.

குப்பையில் பிறந்த ஆர்2

1977-ல் வந்த 'ஸ்டார் வோர்ஸ்' படத்தின் ஆர்2-டி2 இதுக்கு நல்ல உதாரணம். வெள்ளையும் நீலமுமாய் ஒரு குட்டிப் பீப்பா, மேலே அரைவட்டத் தலை, விசில் அடித்துக் கதைக்கும். ரால்ஃப் மக்குவாரி தீட்டிய ஓவியங்களிலிருந்து உருவானது. படத்தின் அரங்கப் பொருட்களில் பெரும்பங்கு கழித்துவிட்ட விமானப் பாகங்களிலிருந்தும் பழைய கமராச் சாமான்களிலிருந்தும் வந்தது. எல்லாரும் ஆசைப்படும் அந்த ஒளிவாளின் பிடிகூட ஒரு பழைய கிராஃப்லெக்ஸ் கமராவின் பிளாஷ் கைப்பிடிதான்.

ஆர்2 இரண்டு காலில் ஆடி அசைந்து நிற்கும் காட்சிகளில் உள்ளே ஒரு மனிதர் இருந்தார். பெயர் கெனி பேக்கர், உயரம் 112 சென்ரிமீற்றர். மூன்று காலில் உருண்டு வரும் காட்சிகளுக்கு ரிமோட்டில் ஓடும் வேறு உடல். துனீசியப் பாலைவனத்தில் அந்த ரிமோட் சொன்ன சொல் கேட்காமல் படக்குழுவைப் படாத பாடு படுத்தியது. குரலைச் செய்தவர் பென் பர்ட். ஒரு சின்தசைசரின் சத்தத்தோடு குழந்தை மாதிரித் தான் எழுப்பிய ஒலிகளையும் கலந்தார்.

ஆக, நாங்கள் 'ஒரு ரோபோ' என்று நம்பியது பல உடல்கள், ஒரு மனிதர், ஒரு குரல் எல்லாம் சேர்ந்த கூட்டு. அந்த உடல்கள் ஒன்றுக்கொன்று அளவிலும் ஒரேமாதிரி இல்லை. அப்படியென்றால் நகல் எடுக்க வெளிக்கிடுபவர் எதை நகல் எடுப்பது?

அளவுநாடாவோடு வந்தவர்கள்

1999-ல் டேவ் எவரெட் என்ற அவுஸ்திரேலியர் ஆர்2 செய்ய ஆசைப்படும் ஆக்களை ஒன்றுசேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். அவர்கள் செய்த முதல் வேலை அளப்பது. கண்காட்சியில் வைத்த அசலைப் படம் பிடித்தார்கள். படத்தின் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். உயரம் ஏறக்குறைய 1.1 மீற்றர், தலையின் விட்டம் ஏறக்குறைய 46 சென்ரிமீற்றர் என்று தொடங்கி, ஒவ்வொரு சின்னக் கதவின் விளிம்பு வரைக்கும் வரைபடம் கீறினார்கள். நீலம் எந்த நீலம் என்பதற்கே வருடக்கணக்கில் சண்டை பிடித்தார்கள். சரியென்று பட்ட அளவை எல்லாருக்கும் பொதுவாக வைத்தார்கள்.

பிறகு மேம்படுத்தல். முதலில் பலகையிலோ பிளாஸ்டிக் தகட்டிலோ அசையாத ஒரு கூடு. அடுத்த வருசம் சக்கர நாற்காலியின் மோட்டரைப் பூட்டிக் கால்கள் ஓடும். அதுக்கடுத்து தலை சுற்றும், சத்தம் வரும், கதவு திறந்து கை நீளும். 2005-ல் இத்தாலியில் ஆர்டுயினோ என்ற மலிவான கட்டுப்பாட்டு அட்டை வந்தது. அதன் பிறகு எலெக்ரோனிக்ஸ் படிக்காதவர்களும் உள்ளே மூளை வைக்கத் தொடங்கினார்கள். 3டி பிரிண்டர் வந்தபோது அலுமினியம் வெட்ட வசதியில்லாதவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை, ஆர்2 இரண்டு காலில் நின்றபடியே நடுக்காலை இறக்கி மூன்று காலுக்கு மாறி, திரும்ப இரண்டுக்கு வருவது. 1977-ல் படக்குழு கமராவை வெட்டி ஒட்டிச் சமாளித்த அந்த அசைவை, வீட்டுக் கராஜில் இருந்த ஆக்கள் உண்மையாகவே செய்து காட்டினார்கள். நகல் அசலைத் தாண்டிய இடம் இது.

2013-ல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் நடந்த ரசிகர் விழாவுக்கு லூகாஸ்பிலிமின் தலைவர் கத்லீன் கென்னடி வந்திருந்தார். அங்கே ஆர்2 செய்பவர்களின் பகுதியைப் பார்த்தார். அடுத்த படத்துக்கு ஆர்2 செய்யும் வேலை, பொழுதுபோக்காக அதைச் செய்துகொண்டிருந்த லீ டவர்சி, ஒலிவர் ஸ்டீபிள்ஸ் என்ற இரண்டு பிரித்தானியர்களுக்குப் போனது. 2015-ல் வந்த படத்தில் நீங்கள் பார்த்தது அவர்களின் கைவேலையை. கதையை உண்டாக்கிய கொம்பனி, அதன் ரோபோவை எப்படிச் செய்வது என்று ரசிகர்களிடம் போய்க் கேட்டது. ஏனென்றால் அளவு அவர்களிடம் இருந்தது.

எங்கட பக்கம் என்ன இருக்கு?

இந்த இடத்தில் வழமையாக ஒருவர் எழும்பி, "ரோபோவெல்லாம் தமிழன் அப்பவே செய்திட்டான்" என்று சொல்லுவார். சீவக சிந்தாமணியில் விசயை ஏறிப் பறந்த மயிற்பொறி இருக்கு. பெருங்கதையில் உதயணனைப் பிடிக்க வீரர்களை உள்ளே ஒளித்து வைத்த யந்திர யானை இருக்கு. இரண்டுமே அருமையான கற்பனை. ஆனால் அந்தப் பொறிகளைச் செய்து பார்க்க எங்களிடம் ஒரு அளவும் இல்லை. கற்பனையைக் கண்டுபிடிப்பு என்று சொல்லிப் பெருமைப்படுவதில், கண்ணுக்கு முன்னால் இருக்கிற உண்மையான பொறிகளை விட்டுவிடுகிறோம்.

எது உண்மையான பொறி? கந்தசஷ்டியின் ஆறாம் நாள் எங்கட முருகன் கோயில் வீதிகளில் வரும் சூரனைப் பாருங்கோ. ஆள் உயரத்துக்கும் மேலான மர உடல், தோளில் தூக்கி ஆட்டும் பெடியள், பின்னால் இருந்து தலையைத் திருப்பும் ஒருவர். ஆனைமுகம் விழுந்தால் சிங்கமுகம், அது விழுந்தால் சூரனின் சொந்த முகம், பிறகு மாமரம், சேவல், மயில். தோற்கத் தோற்கப் புது வேர்சனாகத் திரும்பி வரும் ஒரு உருவம். இயக்குபவர் இருப்பது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் தலை திரும்பும் நேரம் சின்னப்பிள்ளைகள் அம்மாவின் பின்னால் ஒளியும். கெனி பேக்கர் உள்ளே இருந்து செய்ததும் இதைத்தான்.

அடுத்தது பட்டம். மூங்கிலைச் சீவி, வளைத்து, முச்சை கட்டி, விண் பூட்டி ஏற்றுவது வடமராட்சியில் பிள்ளைப் பருவத்து வேலை. கொக்கு, பிராந்து, பெட்டி, எட்டுமூலை என்று தொடங்கியது இன்று பறந்தபடி அசையும் முப்பரிமாண உருவங்களாக வளர்ந்திருக்கு. முந்தின வருசம் சரிந்த பட்டத்தின் பிழையை அடுத்த வருசம் திருத்துவார்கள். ஆர்2 சங்கம் செய்ததும் அதே வேலைதான். இங்கே அது தைப்பொங்கல் என்ற ஒரு கெடுவுக்குள் நடக்கிறது.

மூன்றாவது, எங்கட அப்பா, மாமா ஆக்களின் தலைமுறை. 1990-ல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் இல்லை, பற்றரியும் இல்லை, கரண்டும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாய்க் கவிழ்த்து, பெடலைச் சுத்தி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள். ஒரு சொட்டுப் பெற்றோலில் மோட்டச்சைக்கிளை ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஜாம் போத்தலில் விளக்குச் செய்து படித்தார்கள். இதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல முடியாது, உயிர் பிழைக்கிற வேலை. ஆனால் உள்ளதை வைத்து இல்லாததைச் செய்கிற மூளை ஒன்றுதான்.

எந்திரனின் சிட்டியை எடுங்கோ. 2010-ல் வந்த அந்தப் படத்தைப் பத்துத் தரம் பார்த்திருப்போம். சிட்டியின் அசையும் பொம்மை உடல்கள் கலிபோர்னியாவின் லெகசி எஃபெக்ட்ஸ் நிறுவனத்தில் செய்தவை என்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? செய்த கையைத் தேடும் பழக்கம் எங்களுக்கு இன்னும் வரவில்லை. பெரிய படத்துக்கே இப்படியென்றால் ஒழுங்கைக்குள் இருக்கிற பட்டக்காரரை யார் தேடப் போறது?

இல்லாத ஒன்று

எங்களிடம் கை இருக்கு, மூளை இருக்கு, வருசா வருசம் மேம்படுத்தும் பழக்கமும் இருக்கு. வரைபடம்தான் இல்லை. பொங்கல் முடிந்தால் பட்டம் பிரிபடும், அல்லது கடலுக்குள் விழும். எவ்வளவு நீள மூங்கில், எத்தனை கிலோ, முச்சை எந்த இடத்தில், எந்த மோட்டர், எது சரிவரவில்லை என்பதெல்லாம் செய்தவரின் தலைக்குள் மட்டும்.

"கைப்பழக்கத்தைக் கொப்பியில் எழுதேலாது" என்று ஒரு மறுப்பு வரும். பாதி சரி. முச்சையை இழுத்துப் பார்த்து "இது காத்துக் குடிக்கும்" என்று சொல்லும் விரலை எந்தப் படமும் சொல்லித்தராது. வருசா வருசம் புதிதாகச் செய்வதும் ஒரு வகைச் சேமிப்புத்தான். ஆனால் அந்தச் சேமிப்புக்கு ஆள் ஊரில் இருக்க வேணும். எங்கட ஊர்களின் கடந்த நாற்பது வருசத்தைப் பாருங்கோ. இடம்பெயர்வு, சாவு, லண்டன், ரொறன்ரோ. ஆள் போகும்போது அளவும் சேர்ந்து போனது.

இதுக்கு முன்னரும் ஒருமுறை இது நடந்திருக்கு. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ஒரு அமெரிக்கர் வாங்கினார். எங்கட ஊர் மாலுமிகள் அதை ஓட்டிப்போய் 1938-ல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அந்தப் பெருமையை ஒவ்வொரு பேச்சாளரும் மேடையில் சொல்லுவார். ஆனால் அப்படி ஒரு கப்பலை இன்று இந்தக் கரையில் கட்ட வெளிக்கிட்டால் சொல்லித்தர ஒரு மேத்திரியார் இல்லை. பெருமை மிஞ்சியது, வேலை போனது.

ஆர்2 செய்தவர்கள் எங்களை விடக் கெட்டிக்காரர்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. அவர்களுக்கு வசதி இருந்தது, பாகம் வாங்கப் பணம் இருந்தது. ஆனால் அளவுநாடாவும் கொப்பியும் எங்களிடமும் இருக்கு. இது ஆராய்ச்சி நிதி வேண்டிய வேலை இல்லை.

அதனால் வாற தைப்பொங்கலுக்கு எங்கட குழு ஒரு வேலை செய்யப் போகிறது. பட்டம் செய்யும் வீடுகளுக்கு, கேட்டு, அனுமதி வாங்கி, பொங்கலுக்கு முதல் கிழமையே போவோம். நீளம், நிறை, முடிச்சு, மோட்டர், பற்றரி, போன வருசப் பிழை எல்லாவற்றையும் எழுதுவோம். செய்தவர் எதை வெளியில் சொல்ல வேண்டாம் என்கிறாரோ அதை விட்டுவிடுவோம், போட்டி நடக்கிற இடம் அல்லவா. மிச்சத்தை அவரின் பெயரோடு பொதுவில் வைப்போம். கந்தசஷ்டி வரும்போது சூரன்.

கேட்டு எழுதுவதை ஆர்ட்ஸ் ஆக்கள் நாங்கள் பார்த்துக்கொள்ளுவம். படம் கீறத்தான் எங்களுக்கு வராது. கப்பிக் கணக்குச் செய்து பழகின ஆக்கள் ஆரும் இருந்தால், ஒரு அளவுகோலோடு வாங்கோ.